பெரியவளின் டேட்டாபேஸும் சின்னவளின் கேஷும்

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். அதைப் பொய்யாக்கவென்றே வந்து சேர்ந்தாள் சின்னவள்.

பெரியவளுக்கு அவள் ஓரகத்தி, கணவனுடைய தம்பியின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை. போதாக்குறைக்கு ஒரே அலுவலகம் வேறு. பேருந்துப் பயணச்சீட்டை இணையத்தில் விற்கும் நிறுவனம் அது. எந்த வண்டியில் எந்த இருக்கை காலி என்ற விவரமெல்லாம் அடங்கிய டேட்டாபேஸை ஒன்பது வருடமாகக் கட்டி மேய்த்தவள் பெரியவள். தளம் ஆமை வேகத்தில்தான் நகரும். ஆனால் எது பிசகினாலும் எல்லோரும் அவள் மேசைக்குத்தான் ஓடி வருவார்கள். அப்படி ஓடி வருவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்ததுமே கேஷ் வைக்க வேண்டும் என்றாள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை நகலெடுத்து முன்னாலேயே வைத்துக்கொள்ளும் இடம் அது. கேள்வி வந்தால் தளம் முதலில் அங்கே தேடும். அங்கே இல்லையென்றால்தான் டேட்டாபேஸுக்குப் போகும், கிடைத்த பதிலில் ஒரு நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் இணைக்க டேட்டாபேஸின் கடவுச்சொல் வேண்டியிருந்தது. பெரியவள் தன் கையாலேயே தட்டிக் கொடுத்தாள்.

தளம் பறந்தது. நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளானுக்கு அலுவலகமே கைதட்டியது. பெரியவளின் மேசைப் பக்கம் ஈ, காக்கைகூட வரவில்லை. டேட்டாபேஸின் வேலையைத் திரையில் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

வீட்டிலும் இதே பேச்சுதான். அக்காவுடையது பெரிய அலமாரி, என்னுடையது மேசைமேல் ஒரு தட்டு, அடிக்கடி கேட்பதை எடுத்து வைத்துக்கொள்வேன் என்று மாமியாருக்கு விளக்கினாள் சின்னவள்.

“அப்ப அலமாரி எதுக்கும்மா?” என்றார் மாமியார், வெள்ளந்தியாக.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கணவனிடம் சொல்லி அழலாம் என்று போனால், நம்ம வீட்டுப் பெண்தானே, பெருமைதானே என்றான் அந்தப் புண்ணியவான்.

இந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவர் பதவி காலியானது. இருவரில் ஒருவருக்குத்தான், வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் மேலாளர். ஒன்பது வருட உழைப்புக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை அது. அதையும் சின்னவள் கொத்திக்கொண்டு போய்விடுவாள் என்று பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, பள்ளி விடுமுறைக்குச் சீட்டு எடுக்கக் கூட்டம் முண்டியடித்த நேரத்தில், பெரியவள் கேஷை மொத்தமாக அழித்தாள். கொஞ்ச நேரம் என் டேட்டாபேஸ் தனியாகச் சுமக்கட்டும், இத்தனை வருடம் சுமந்ததுதானே, எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். தளம் பறக்கத் தொடங்கிய பிறகு கூட்டம் பல மடங்கு பெருகியிருந்ததை வயிற்றெரிச்சலில் மறந்துவிட்டாள். அத்தனை கேள்வியும் ஒரேயடியாகத் தலையில் விழுந்ததில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

சின்னவள் பதறவில்லை. புதிதாக யாரும் நுழையாதபடி தளத்தை நிறுத்தினாள். அதிகம் கேட்கப்படும் ஊர்களின் விவரத்தை முதலில் கேஷில் நிரப்பினாள். பிறகு ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். தளம் எழுந்து நின்றதும், அழித்தது யார் என்று பதிவைத் திறந்து பார்த்தாள். பெரியவளின் பெயர் பளிச்சென்று இருந்தது. பின்னால் நின்ற பெரியவளும் அதைப் பார்த்தாள்.

மேலாளர் வந்து யார் செய்த வேலை என்று கேட்டார்.

“நான்தான் சார். பழைய தகவல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, சுத்தம் பண்ணேன்” என்றாள் சின்னவள், திரையை மூடிவிட்டு.

இப்படிப் பொறுப்பில்லாதவரிடம் குழுவை ஒப்படைக்க முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார் அவர். வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை. பதவி பெரியவளுக்குத்தான்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஏன் இப்படிச் செய்தாய் என்று பெரியவள் தட்டுத் தடுமாறிக் கேட்டாள்.

“ஒரே வீட்டுல உக்காந்து சாப்பிடணுமேக்கா. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாப்பிட்டா எனக்குத் தொண்டைல இறங்காது” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கீழே போய்விட்டாள்.

பெரியவள் அங்கேயே நின்றாள். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. குளிர வேண்டிய வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. கெட்டிக்காரி என்ற பெயர் அவளுக்கு, மாமியாரின் செல்லம் அவளுக்கு, இப்போது நல்லவள் என்ற பெயரையும் அவளே அள்ளிக்கொண்டு போவதா? அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. விறுவிறுவென்று திரும்பிப் போய் மேலாளரின் அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், அழிச்சது அவ இல்ல. நான்தான்.”