முதல் இட்லி மெக்கானிக்குக்கு

கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பவனுக்கு போன் போட்டு, "உங்க மெஷின் இன்னிக்கு நல்லா ஓடுதுங்க" என்று சொன்ன ஒரு மனிதரை இருபத்தாறு வருடத்தில் நான் சந்தித்ததில்லை. மிக்ஸி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பார்க்கிற சகோதரர்களுக்கு இது புரியும். ஏதாவது நின்றுபோனால்தான் நம் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

ஆனால் உங்களுக்கெல்லாம் இல்லாத ஒரு வசதி எனக்கு உண்டு. என் ஒர்க்‌ஷாப் பாலக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து வண்டியை எடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பாய் கடை இடியாப்பமும் பாயாவும், சேட்டு கடை கச்சோரியும், சேட்டன் கடை ஆப்பமும் கடலைக்கறியும், மாதா கோயில் பக்கம் இட்லியும் மட்டன் குழம்பும் கிடைக்கும். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்தில் வெங்காயமும் பூண்டும் வாசற்படியைக்கூட மிதிக்காத ஒரு மெஸ். இத்தனை இடத்திலும் கிரைண்டருக்கு நான்தான் வைத்தியன். அதனால், "திருச்சியில எங்கங்க நல்லா சாப்பிடலாம்?" என்று பலரும் என்னைக் கேட்பார்கள். அதற்குச் சரியான பதில் எனக்கு ஒரே ஒரு வருடம் முன்புதான் கிடைத்தது. கிடைத்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு.

கடைவாய்ப் பல்

கிரைண்டர் கல் ஓடி ஓடி வழவழப்பாகிவிடும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி மறுபடி சொரசொரப்பு ஏற்ற வேண்டும். கொத்தியபின் தவிடும் உப்பும் போட்டு ஓட்டி, கழுவி, இன்னொரு தரம் ஓட்டுவோம். அப்படியும் எங்காவது ஒரு துளி கல்பொடி ஒளிந்திருக்கும். அதற்காக எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கொத்திய மறுநாள் காலை முதல் ஈட்டில் முதல் இட்லி கொத்தினவனுக்கு. அவன் பல்லில் நறுக்கென்று கடிபட்டால் மாவைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கழுவ வேண்டும். கடிபடாவிட்டால் கடை திறக்கலாம்.

பிலோமினா அக்கா கடையில் ஒருமுறை எனக்குப் பல்லே போய்விட்டது. மாதா கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, இரண்டு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, அதுதான் கடை. இருபது வருடமாக இட்லியைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடவே மட்டன் குழம்பு. பூசை முடிந்ததும் வரிசை கரண்ட் கம்பம் வரைக்கும் நிற்கும். என் பல் துண்டாகக் கையில் வந்ததைப் பார்த்து அக்கா பதறவில்லை. கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மாவைத் தூக்கிக் கொட்டினார். "பரவாயில்ல தம்பி, நம்ம கஸ்டமர் பல்லு தப்பிச்சுது" என்றார்.

கேட்காமல் செய்த உதவி

போன வருடம் ஆவணியில் அக்காவின் கிரைண்டரைக் கொத்தப் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கு உளுந்து போட்டால் அது மெதுவாகத்தான் அரைபடும். அதுவரை அக்கா பக்கத்திலேயே நின்று மாவைத் தள்ளித் தள்ளி விட வேண்டும். அக்காவுக்கு முட்டி வலி. பார்க்கப் பாவமாக இருந்தது. மோட்டாரில் இருந்த சின்னப் புல்லியைக் கழற்றிவிட்டுப் பெரிய புல்லி மாட்டினேன். பெல்ட் ஓடுகிற சக்கரம்தான் புல்லி. அது பெரிதானால் கல் வேகமாகச் சுற்றும். முக்கால் மணி வேலை அரை மணியில் முடிந்தது. அவர் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

மறுநாள் முதல் இட்லியில் கல் இல்லை. ஆனால் இட்லியே கல்லாக இருந்தது. கூசாமல், "புதுக் கொத்து அக்கா, நாலு நாள் ஓடினா பழகிடும்" என்றேன். தொழிலில் இருக்கிற நீங்கள் எல்லோரும் இதை ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். நாலு நாள் போயிற்று. எட்டு நாள் போயிற்று. இட்லி பழகவில்லை. அக்கா சத்தம் போடவில்லை. தினமும் ஏழு மணிக்கு முதல் இட்லியைத் தட்டில் வைத்து, எனக்காகக் காத்திருந்தார். நான் தின்று முடிக்கும்வரை வேறு யாருக்கும் பரிமாறவில்லை. வரிசை கரண்ட் கம்பத்திலிருந்து சுருங்கி, பெஞ்சு வரைக்கும் வந்து, பெஞ்சிலும் இடம் காலியாக ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் யாருமே இல்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே அக்கா தெருவைப் பார்த்துச் சொன்னார்: "பூசைக்கு வந்தவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க தம்பி. சிரிச்சுட்டு அந்தப் பக்கமா போயிடறாங்க."

அரிசியின் குற்றம்

மறு சனிக்கிழமை இரண்டு இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பாய் மூன்று தலைமுறையாகப் பிரியாணி போடுகிறவர். இஞ்சி பூண்டு அரைக்க அவரிடம் ஒரு கிரைண்டர் உண்டு. அவர் கடையில் ஒரு கண்டிப்பு: சாப்பிட்ட பிறகுதான் ஸ்பானரைத் தொட விடுவார். அன்றைக்கோ நான் படியேறும்போதே கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "புரட்டாசி சனிக்கிழமை. இங்க உட்கார்ந்தீங்கன்னா வீட்ல தங்கச்சிகிட்ட பேச்சு வாங்குவீங்க" என்று சொல்லி, வெளியே ஸ்டூல் போட்டு, எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தார். என் வீட்டு விரதம் என்னைவிட அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இட்லியை எடுத்து விரலால் அழுத்தினார். விரல்தான் வளைந்தது. பழைய அரிசியும் புது அரிசியும் கலந்திருக்கும், அரிசி மண்டியை மாற்றச் சொல்லுங்கள் என்றார். அரிசி விஷயத்தில் பாய் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அக்கா மறுநாளே அரிசியை மாற்றினார். இட்லி மாறவில்லை. டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தபோது பாய் சொன்னது மட்டும் காதில் நின்றது: "எங்க கடையில ஆட்டுக்கால் எலும்பே இதைவிட மெத்துனு இருக்கும், மெக்கானிக்."

உளுந்தின் குற்றம், தண்ணீரின் குற்றம்

அடுத்து சேட்டு. பெரிய கடைவீதிப் பக்கம் இனிப்புக் கடை. தயிர்வடைக்குத் தினமும் அரைப்பவர். தாத்தா ராஜஸ்தானிலிருந்து வந்தவர். இவர் பேசுகிற தமிழ் என் தமிழைவிடத் திருத்தமாக இருக்கும். எனக்கு ஒரு கச்சோரி கொடுத்துவிட்டு, அக்காவின் இட்லியைப் பிட்டு முகர்ந்து பார்த்தார். பழைய உளுந்து என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உளுந்து பார்த்து வாங்கத் தெரியாதவங்க இட்லிக் கடை வைக்கக் கூடாதுங்க. நான் சொன்னேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. உளுந்தை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. ஆப்பக்கடை சேட்டனிடம் போனேன். பாலக்காட்டுக்காரர், ஜங்ஷன் பக்கம் டீயும் ஆப்பமும் போடுகிறார். அவருக்குத் திருச்சியில் எல்லாம் பிடிக்கும், போர் தண்ணீரைத் தவிர. அவர் தண்ணீர்மேல் பழி போட்டார். அன்று முதல் அக்கா போர் தண்ணீரை விட்டுவிட்டுக் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவந்து அரைத்தார், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. அரிசிக்காரர் அரிசியைச் சொல்கிறார், பருப்புக்காரர் பருப்பைச் சொல்கிறார், ஆப்பக்காரர் தண்ணீரைச் சொல்கிறார். மெஷின்காரன் மட்டும் மெஷினைச் சொல்லவில்லை. மோட்டார் ஒலி சுத்தம், பெல்ட் சரி, கல் ஆட்டம் இல்லை என்று தினமும் காது வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுவேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குடத்தோடு படியேறிய அக்காவிடம் சேட்டனின் யோசனை எப்படி என்று கேட்டேன். "தண்ணி ருசியா இருக்கு தம்பி, டீ போட்டேன்" என்றார்.

வாசலில் நின்று வைத்தியம்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குள் ஒரு சந்தில் மாமி மெஸ் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடிவிடுவார். அவர் ஊற்றுகிற சாத்தமுதை, அதாவது ரசத்தை, நான் இரண்டு டம்ளர் தனியாக வாங்கிக் குடிப்பேன். ஆனால் தளிகை உள்ளுக்குள், அவருடைய சமையலறைக்குள், நான் கால் வைத்ததில்லை. பதினெட்டு வருடமாக அந்த கிரைண்டருக்குக் கொல்லை வாசலில் நின்றுதான் வைத்தியம். நான் ஸ்பானரைப் படியில் வைப்பேன். மாமி அதைக் கழுவி எடுத்துப் போவார். "இடது பக்க நட்டு மாமி" என்று நான் சொல்ல, அவர் கழற்றுவார். ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான். பிறகு ஒருநாள் குளிக்காமல் வந்த மாமாவும் அதே வாசலில் எனக்குப் பக்கத்தில் நின்று காபி கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. இப்போது பெல்ட் மாற்றுவதில் மாமி என்னைவிடக் கைவேகம்.

ஐப்பசி பிறந்த சமயம் அங்கே போனவன், அக்காவின் கதையைச் சொன்னேன். அரிசி, உளுந்து, தண்ணீர் எல்லாம் மாற்றியதையும் சொன்னேன். மாமி உள்ளிருந்தபடியே கேட்டார்: "ஓடறச்சே மாவுல கையை வெச்சுப் பார்த்தேளோ? சுடறதா, ஜில்லுனு இருக்கான்னு?" கிரைண்டர்க்காரன் மாவில் கை வைக்க மாட்டான். கையில் கிரீஸ் இருக்கும். அது எங்கள் தொழிலில் முதல் சட்டம். இருபத்தாறு வருடமாக நான் ஓடுகிற மாவைத் தொட்டதே கிடையாது. அதைச் சொன்னேன். பிறகு மாமி சொன்னார்: "உங்களை உள்ள விடாததுனால நான் மெஷினைக் கத்துண்டேன். எல்லாரும் உள்ள விட்டும் நீங்க மாவைக் கத்துக்கலையே."

மூடிமேல் பாரம்

பாலத்தில் வரும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காவிரியைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மூன்று மணிக்கு அக்கா கடையில் இருந்தேன். முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற கிரைண்டரில், குழவிக்கு எட்டாத ஓரமாகப் பார்த்து விரலை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. வேகமாகச் சுற்றிய கல் உளுந்தைச் சூடாக்கியிருக்கிறது. சூடேறிய உளுந்து பொங்குமா? சுவிட்சை அணைத்துவிட்டு, "அக்கா, தப்பு என்னோடது. நான் மாட்டின புல்லிதான்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது.

பழைய புல்லி வேண்டும். என் ஒர்க்‌ஷாப்பில் இருக்குமா, பழைய இரும்புக்குப் போயிருக்குமா என்று நான் தலையைச் சொறிந்தேன். அக்கா மெதுவாக எழுந்து போய், மாவு அண்டாவின் மூடிமேலிருந்து ஒரு பாரத்தை எடுத்து வந்தார். மூடி நகராமலிருக்க அன்றைக்கே எடுத்து வைத்தாராம். தினமும் முதல் இட்லியை அதற்கு எதிரே உட்கார்ந்துதான் நான் தின்றிருக்கிறேன். அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "நீங்க போட்டுட்டுப் போனது தம்பி. தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

வரிசை

மறுநாள் காலை முதல் இட்லியை வைத்தார். விரலில் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. வாயில் போட்டேன். தலையை ஆட்டினேன். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டு தரம் குலுங்கியதைப் பார்த்தேன். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போனவர்கள் உடனே வந்துவிடவில்லை. ஒருவர் வந்து, அடுத்த நாள் இருவரை அழைத்து வந்து, அப்படியே கார்த்திகையே ஆகிவிட்டது. அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை விட்ட நேரம், பழக்கதோஷத்தில் நேரே உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அக்கா கரண்டியோடு வந்து என்னை எழுப்பிவிட்டார். "முதல் இட்லி கல்லு சரியில்லாத கடையில தம்பி. இங்க எல்லாம் நல்லா ஓடுது. போய் வரிசையில நில்லுங்க" என்றார்.

கரண்ட் கம்பத்தடியில் எனக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். ஆகவே திருச்சியில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போது என் பதில் இதுதான்: கிரைண்டர் மெக்கானிக்கை எழுப்பி வரிசையில் நிற்க வைக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.