எண்ணெய்க் கூப்பனோடு வந்த அக்கா

இன்று திண்டிவனம் சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, பில் போடும்போது எண்ணெய்க்கான தள்ளுபடிக் கூப்பனை நீட்டினார். அந்தக் கடையே வீடு வீடாகக் கொடுத்த கூப்பன்.

மேனேஜர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கூப்பன எடுத்துக்கினு வர்றவங்களால தினமும் பேஜாரு. இது கார்ல வந்து மாசச் சாமான் வாங்கறவங்களுக்கு."

"ஊட்டாண்ட வந்து குடுத்தது நீங்கதானே? நானா கேட்டேன்?" என்றார் அக்கா.

"காசு இருந்தா வாங்குங்க. இல்லன்னா நகருங்க."

அக்கா அரிசி, பருப்பு, சோப்பு எல்லாவற்றையும் கவுன்டரிலேயே விட்டுவிட்டு வெளியேறினார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. என் கூடையையும் மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு, வீட்டில் கொடுத்தனுப்பிய அதே கூப்பன் சட்டைப்பையில் இருக்க, எதிர்க்கடையில் அதே எண்ணெயை முழு விலைக்கு வாங்கினேன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அனுபவசாலிகள் சொல்லுங்கள்.