கல்லில் இரண்டே எழுத்து

எனக்கு வயது எழுபத்திரண்டு, கூடவோ குறையவோ. மீன் விற்று ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆகவே மெதுவாகத்தான் போகும்; முடிந்ததும் பேத்தி ஜெனி வாசித்துக் காட்டுவாள்.

2006 மாசியில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மூன்றரை மணி நேரத்தில் மஸ்கட்டில் இறங்கினேன். நர்ஸ் வேலை பார்க்கும் மூத்த மகள் ஸ்டெல்லா அந்த ஊரில் ரூவி என்கிற பகுதியில் குடியிருக்கிறாள். கீழே மலையாளி ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் புல் முளைக்காத மலை. நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே படகில் வேலை செய்து, காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமானவர். இத்தனை வருடம் குழிமேல் வெறும் சிமெண்டுதான். இப்போது ஸ்டெல்லா கல் வைக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பூசை முடிந்து டாக்சிக்கு இரண்டு ரியால் கொடுத்து, மலையடிவாரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கல் வெட்டும் பாகிஸ்தான்காரர் காத்திருந்தார். அவரிடம் கொடுக்க வைத்திருந்த தாளை ஸ்டெல்லா வாசித்தாள்: "மிக்கேல் சூசை."

"மிக்கேலா? அது உன் தாத்தா பேருல்லா?"

"பாஸ்போர்ட்டுல அப்படித்தாம்மா. இனிஷியலை விரிச்சு முன்னால போட்டுருவாவ. இங்க எல்லாரும் அப்பாவ மிக்கேல் பாய்னுதான் கூப்பிட்டாவ."

"உன் தாத்தா நம்ம ஊருக் கல்லறையில கெடக்காரு. இங்க இன்னொருக்கா எதுக்குக் கெடக்கணும்?"

"ரிஜிஸ்டர்ல ஒண்ணு, கல்லுல ஒண்ணுன்னா, பொறவு வாறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. தாளைக் கொடுக்காமலே திரும்பினோம்.

ஞாயிறு மாலை பங்குச் சாமியாரிடம் போனோம். தூத்துக்குடிக்காரர், ரோமில் படித்தவர். எங்கள் வழக்கைக் கேட்டுவிட்டு, பழைய கல்லறைக் கற்களின் படங்கள் உள்ள புத்தகத்தை விரித்தார்.

"இதெல்லாம் ஆயிரத்து முந்நூறு வருசத்துக் கல்லும்மா. லத்தீன் எழுத்து. அதுக்கு முன்னால ரோமாபுரியில பெரிய மனுசனுக்கு மூணு பேரு, குலப் பேரெல்லாம் சேத்து. போகப்போக அதெல்லாம் உதுந்துபோச்சு. இந்தா, 'இங்கே அமைதியில் இளைப்பாறுகிறார்'னு போட்டு ஒத்தப் பேரு. பெரும்பாலும் அப்பன் பேரு கிடையாது."

"வயசு உண்டுமா சாமி?"

"'நாற்பது, கூடவோ குறையவோ'ன்னு வெட்டிருக்கு."

"அப்ப நம்ம ஆளுவதான்" என்றேன். சாமியார் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"ரிஜிஸ்டர், ஃபாதர்?"

"குழி நம்பரக் கல்லு ஓரத்துல வெட்டச் சொல்லு. தேடி வாறவனுக்கு அது போதும்."

மறுநாள் கல்வெட்டுக்காரர் கடைக்குப் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் அதைக் கல்லில் ஒட்டி அப்படியே வெட்டுவாராம். ஸ்டெல்லா பேனாவை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை, எழுதியதுமில்லை. இரண்டே எழுத்து. உள்ளங்கை அகலத்துக்கு எழுதினேன்: சூசை. பின்னெழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"அச்சா, அம்மா" என்று தாளை வாங்கிக்கொண்டார் அவர்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கல்லைப் பார்த்தேன். நான் எழுதியபடியே சாய்ந்திருந்தது. தடவிப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

எங்கள் ஊர்க் கல்லறைக்கு வருகிறவர்களுக்கு யார் எங்கே கிடக்கிறார் என்று தெரியும். கல்லைப் பார்க்கத் தேவையில்லை. மஸ்கட்டில் அவர் பெயரைச் சொல்ல அந்தக் கல் மட்டும்தான்.

ஜெனி, மக்களே, இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அந்த ரெண்டெழுத்து வரும்போது மட்டும் கொஞ்சம் உரக்க வாசி.