ஜன்னலில் கிடந்த ரப்பர் மூடி

பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால், குடும்பமாகச் சுற்ற வாங்கிய மோட்டார் படகை விற்க முடிவு செய்தோம். பாகூர் வீட்டு வாசலில் வைத்துப் பளபளவெனக் கழுவினேன். தண்ணீர் வடிவதற்காக, படகின் அடித்துளையில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் படகு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். என் கணவர் எங்களை ஏற்றிக்கொண்டு சுண்ணாம்பாற்றில் ஓட்டிக் காட்டினார். நடு ஆற்றில் அந்தப் பெண், "இன்னாக்கா, காலெல்லாம் நனையுது?" என்றார். மூடி ஜன்னலிலேயே கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாய்ந்து துளைக்குள் கட்டைவிரலைத் திணித்தபடி, "கரைக்கு வுடுங்க!" என்று கத்தினேன். அந்தப் பெண்ணோ டிபன் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார்.

கரையேறியதும், "தப்பு படகு மேல இல்லியேக்கா" என்று சிரித்தார். அவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது எந்த வண்டியில் எதைக் கழற்றினாலும் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். படகுச் சாவியையும் மூடியோடு கட்டித்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வருகிறது: "மூடி போட்டாச்சுக்கா. வர்றீங்களா?"