மணி அடித்தால் முட்டி போடுவான்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் சத்தம்தான் மருந்து. யாருக்காவது விக்கல் எடுத்தால் முதுகுக்குப் பின்னால் போய்த் தாம்பாளத்தைத் தட்டுவார். பக்கத்து வீட்டுப் பசு கன்று செத்துப் பால் மறுத்தபோது, மாதா கோயில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழுவத்தில் உட்கார்ந்து வாசித்தார். பசு பால் தந்ததா என்பது வேறு விஷயம். அது உதைத்ததில் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் போயின. பங்குச் சாமியாரிடம் மாமா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கக் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், அவரை விட்டால் ஆள் இல்லை என்பதால் தப்பித்தார்.

இப்படிப்பட்ட மாமாவிடம்தான் அம்மா தன் கடைசி நம்பிக்கையை ஒப்படைத்தாள். என் தம்பிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அப்பாவின் அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். "எம்மா நேரம் கூப்புடுறேன், திரும்புறானா பாரு. இது செவிட்டுப் புள்ளதான். மெட்ராஸ் பக்கத்துல இந்த மாரி புள்ளைங்கள வச்சிப் பாத்துக்குற எடம் இருக்குதாம். கொண்டுபோய் வுட்டுட வேண்டிதான்" என்பாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அப்பா மெதுவாகச் சொல்வார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காது கேக்காத புள்ளையா மணி அடிச்சதும் முட்டி போடுது? நாக்குதான் கட்டிக் கெடக்குது. காதப் பத்தி யாரும் பேசாதீங்க."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் எங்கள் கோயிலில் திரிகால மணி அடிக்கும். காதில் விழுந்ததும் எங்கே இருந்தாலும் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட வேண்டும் என்பது பள்ளிக்கூட சிஸ்டரின் உத்தரவு. தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாலும் ஒற்றைக்காலில் நின்ற இடத்திலேயே நான் சரிந்துவிடுவேன். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரியும் தம்பியும் பக்கத்தில் முட்டி போட்டு, நெற்றியையும் நெஞ்சையும் தொட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அடுப்படி வாசலில் நின்று அம்மா அதைப் பார்ப்பாள். அவள் முகத்தில் அந்த நேரத்தில் வரும் நிம்மதிக்காகவே நான் மணியை எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.

சிதம்பரம் போகலாம் என்றவர் மாமாதான். கோயிலில் உச்சிகாலப் பூசைக்குப் பெரிய மணிகள் அடிக்கும். அதற்கு அடியில் நிறுத்தினால் கட்டிய நாக்கு அவிழ்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "அந்தச் சத்தத்துல பயந்துபோயி அம்மான்னு கத்திருவான் பாருக்கா" என்றார். மணி எந்தச் சாமிக்கு அடித்தால் என்ன, சத்தம் சத்தம்தானே என்பது அவர் கட்சி.

அப்பாவிடம் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலை பாசஞ்சரில் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் ரயில் கூவிக்கொண்டு போனபோது அம்மா என் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"பாப்பா, அங்க மணி அடிக்கும். நம்ம ஊர்ல செய்ற மாரி முட்டி போட்டு சிலுவை போட்டுறாத. தெரிஞ்சவங்க யாருனா பாத்தாங்கன்னா சாமியார் காதுக்குப் போயிடும். கைய கீழயே வச்சிக்க. தெரிதா?"

"தம்பி போட்டா?"

ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற தம்பியையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் அவளை வழியெல்லாம் தின்றது.

கோபுர வாசலில் மாமா குங்குமம் வாங்கி வந்தார். தாலியில் கோத்திருந்த சிலுவையை அம்மா ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டாள். மாமா தேவைக்கு மேலேயே திருநீறு பூசிக்கொண்டார். பொட்டு வைத்த அம்மா யாரோ போலத் தெரிந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளே நல்ல கூட்டம். எதிரே வந்தவர் எல்லாரும் கடலூர்க்காரர்கள் போலவே எனக்குத் தோன்றினார்கள். மாமா வழி பண்ணி எங்களை மணிக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா தம்பியைத் தனக்கு முன்னால் நிறுத்தி, அவன் எதிரே அவளும் குனிந்து நின்றாள். நான் அவனுக்குப் பக்கத்தில். கையை இரண்டு பக்கமும் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அடித்தார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பல்லெல்லாம் கூசியது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. காதைப் பொத்திக்கொள்ளக் கை துடித்தது. அதைவிட, நெற்றிக்குப் போகத் துடித்தது. முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி குனிந்து தன் காலைப் பார்த்தான். கல்தரைக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி கால் விரல்களை நெளித்து, கொஞ்சம் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கையைக் கீழே வைத்திருந்தேன். அவனும் அப்படியே கையைக் கீழே வைத்துக்கொண்டு தூணில் இருந்த பல்லியை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான்.

"டேய், மேல பாருடா! மணிடா!" என்று மாமா கத்தியது அந்தச் சத்தத்தில் வாயசைவாகத்தான் தெரிந்தது.

அம்மா அவன் தோள்களைப் பிடித்திருந்தாள். அவள் கண் அவன் முழங்காலில் இருந்தது. பிறகு என் முழங்காலுக்கு வந்தது. மறுபடி அவனிடம் போனது. மணி ஓயும்வரை அப்படியே பார்த்தாள். ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்து அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். பக்தி என்று நினைத்து ஒரு பெரியவர் விலகி இடம் விட்டார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவின் காதருகே போய், "நாங்க ரெண்டு பேருமே சிலுவை போடலம்மா. தம்பி கூட போடல, பாத்தியா?" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

திரும்பும் ரயிலில் மாமா திருநீற்றைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கையில் எங்கள் கோயிலில் மாலை மணி அடித்தது. தடை நீங்கிய சந்தோஷத்தில் நான் நடுத்தெருவில் பொத்தென்று முழந்தாளிட்டேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். உடனே அவனும் முட்டி போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எப்போதும் வரும் நிம்மதியைத் தேடி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம், "பாண்டிச்சேரிக்கு என்னிக்கி போவலாம்?" என்று கேட்டாள். அப்பா சட்டைப் பித்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பொட்டு இன்னும் நெற்றியில் இருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

தம்பியைத் தூங்க வைக்கும்போது அம்மா தினமும் அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு பாடுவாள். அன்று பாடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தம்பி புரண்டு புரண்டு படுத்தான். எழுந்து உட்கார்ந்தான். மாமா வாசிக்கும்போது ஆர்மோனியப் பெட்டியின் மேல் எப்படி உள்ளங்கையை விரித்து வைப்பானோ, அப்படி அம்மாவின் தொண்டையில் கையை வைத்தான். அம்மா அசையவில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டினான், கதவைத் தட்டுகிற மாதிரி.

அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். பாட ஆரம்பித்தாள். குரல் எங்கெங்கோ உடைந்து போனது; ஆனாலும் நிறுத்தவில்லை. தம்பி வாயைப் பிளந்து சிரித்து, கையை எடுக்காமலே அவள் மேல் சாய்ந்துகொண்டான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் கிட்டே நகர்ந்து, அவன் கைக்குப் பக்கத்தில் அம்மாவின் தொண்டையில் என் கையை வைத்தேன். அம்மா தள்ளவில்லை. உள்ளங்கைக்குள் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டு என்றால் இப்படித்தான் நடுங்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.