மரத்தைக் கடித்துப் பார்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை செங்கோட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சிலில் எழுதியிருந்தது. "மாமா, அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறிவிட்டார்கள். மூன்று நாள் காய்ச்சல்தான். உங்களுக்குத் தெரிந்த அந்த விஷயத்தை இனிமேல் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று சொல்லச் சொன்னார்கள்." கீழே சுடலைமுத்து அண்ணாச்சியின் மகள் செண்பகத்தின் கையெழுத்து. தென்காசி தாலுகா ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை மூடிவிட்டுப் பின்கட்டு வேப்பமரத்தடிக்குப் போய் அழுதேன். நாற்பத்தைந்து வயதில் ஆபீஸ் நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி செங்கோட்டை மரக்கிடங்கில் முப்பது வருஷம் மரம் தேர்ந்தவர் என்பது நம்ம பக்கத்துக்காரர்களான உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து வந்து இறங்கும் தடியை ஒரு முனையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டச் சொல்லி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் கட்டி மரம். பொத்தென்றால் உள்ளே பொந்து. அவர் தலையசைத்த பிறகுதான் வியாபாரிகள் வண்டியில் ஏற்றுவார்கள். பிற்காலத்தில் அவர் காதை வைப்பதை விட்டுவிட்டு, விளிம்பில் பல்லை வைத்துக் கடித்துக்கொண்டு தட்டச் சொன்னதையும் பார்த்திருப்பீர்கள். 'மரங்கடி அண்ணாச்சி' என்று பேர் வைத்துச் சிரித்தோம். நானும் சிரித்தவன்தான்.

சொல்லச் சொன்ன விஷயம் இதுதான்: கடைசிப் பத்து வருஷமாக அண்ணாச்சிக்குக் காது கேட்காது. கிட்டே நின்று கத்தினால் கொஞ்சம் விழும். மீதியை வாயசைவைப் பார்த்து ஒப்பேற்றுவார். ஓயாமல் அவரே பேசிக்கொண்டிருந்ததும் அதற்குத்தான். எதிராளி பேசினால்தானே கேட்க வேண்டும்! காதை நம்பிச் சோறு போட்ட வேலை. முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான். செண்பகத்துக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு கிதாரால். ஒரு சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, பங்களா வராந்தாவில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டு வேலை பார்க்கிறவர் என்று சொன்னார்கள். எதிரே ஆள் கிடையாது, சபாஷ் கிடையாது. தப்பு விழுந்தால் அவரே சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். சின்ன வயதில் பிடில் வாத்தியார் என்னை 'சுருதி நிற்காத கேஸ்' என்று அனுப்பிவிட்டார். அத்தோடு சங்கீதம் நமக்கில்லை என்றிருந்தேன். இப்படிச் சும்மா வாசிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

"எதுக்கு?" என்றார்கள் எல்லாரும். "கச்சேரிக்கா போகப் போறிய?" என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. திருநெல்வேலிக் கடையில் பச்சைக்கிளி வரைந்து பளபளவென்று தொங்கிய ஒன்றை வாங்கி வந்தேன். அதில் ஆட்டு நரம்பு கட்டியிருந்தது. சாரலில் நரம்பு ஒவ்வொன்றாக அறுந்தது. தென்காசியில் நரம்புக்கு எங்கே போவது? கோயில் வீதியில் வீணைக் கம்பி கிடைத்தது. மாட்டி நன்றாக முறுக்கினேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் படீரென்று ஒரு சத்தம். கம்பியைத் தாங்குகிற குதிரை, கிளியின் தலையோடு பிய்ந்து சுவரோரம் கிடந்தது. "கச்சேரி முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டு அவள் மோர் ஊற்றினாள்.

ஒட்டித் தருவார் என்று அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒருவர்தான் எதுக்கு என்று கேட்கவில்லை. அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவாரத்துக்குள் கையை விட்டுத் தடவினார். மோந்தும் பார்த்தார்.

"சாரே, இது நரம்புக்குன்னு செஞ்ச பொட்டி. இதுல கம்பிய மாட்டுனா, கன்னுக்குட்டிய வண்டியில பூட்டுன மாதிரில்லா? முன்பலகைய எதுக்கு இம்புட்டு மெல்லிசா சீவியிருக்கான்? உள்ள குறுக்க சட்டம் வச்சிருக்கானே, அது எதுக்கு?" நான் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். "தெரியாமலா வாங்குனீரு? சரி, இதை விடும். அடுத்தத நாம பாத்து வாங்குவோம்" என்றார்.

சாரல் ஓய்ந்து சீசன் முடிகிற சமயம், குற்றாலத்தில் ஒரு பங்களாவைக் காலி செய்கிறவர்கள் இரண்டு கிதார்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். பட்லர் இரண்டையும் கட்டிலில் வைத்தார். ஒன்று சிப்பி பதித்து முகம் தெரிகிற மாதிரி மினுங்கியது. மற்றது கறுத்து, கீறல் விழுந்து, அடுப்படிப் பலகை போலிருந்தது. என் கை தானாக மினுங்கினதற்குப் போனது.

"பொறும்" என்றார் அண்ணாச்சி. தடியைப் பார்ப்பது போலவே ஒரு கண்ணை மூடி இரண்டின் கழுத்தையும் நீளவாக்கில் பார்த்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருந்த மெட்டுகளின் ஓரத்தை விரலால் தடவினார். கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார். மினுங்கினதைக் காட்டினார். "இதுல கம்பி ஒசரமா நிக்கி. அமுக்கி அமுக்கி உம்ம விரலு புண்ணாப் போவும். பத்து நாள்ல மூலையில சாத்திருவீரு. சும்மா வாசிக்க நெனைக்கவனுக்குக் கை நோவப்படாதுல்லா?" அதையே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "வார்னிசு புதுசு. எதையோ மூடியிருக்கான். இந்தா, இங்கன பாரும் வெடிப்ப." பிறகு கறுத்ததை எடுத்தார். "கம்பிக்குன்னே செஞ்சது இது. சாரல் பூராவும் இங்கனதான் கெடந்திருக்கு. வீங்கல, வளையல. இதுக்கு மேல என்ன பரீட்சை வேணும்?"

அப்புறம்தான் அதைச் செய்தார். கறுத்த கிதாரின் விளிம்பில் பல்லை வைத்துக்கொண்டு, "தட்டும்" என்று சாடை காட்டினார். கம்பியைத் தட்டினேன். அவர் கண் மூடிக்கொண்டது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொன்னார். பின்னாலிருந்து பட்லர், "ஏய், ஏய், கடிக்காதீங்கய்யா!" என்று கத்தினார். அண்ணாச்சி திரும்பவே இல்லை. நான் தோளைத் தொட்ட பிறகுதான் வாயை எடுத்தார். விளிம்பில் இரண்டு பல் தடம் பதிந்திருந்தது. அதையே விலைபேசி வாங்கிக்கொண்டோம்.

வெளியே வந்து பேரருவிப் பக்கம் நடந்தோம். முந்தின நாள் மலையில் மழை. அருவி இரைகிற இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே பாதிதான் கேட்டது. அண்ணாச்சி அருவியை மறைத்து நின்ற மரங்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"தண்ணி நின்னு போச்சா சாரே?"

நான் நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இரைச்சலை விட்டுத் தள்ளிப் போய்ப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். காது மங்கத் தொடங்கியபோது பயந்து மூன்று மாதம் தூங்காமல் கிடந்தாராம். ஒருநாள் பல்வலி பொறுக்காமல் தாடையை ஒரு தேக்குத் தடிமேல் சாய்த்திருந்தபோது, மறுமுனையில் யாரோ கொட்டாப்புளியால் அடித்தானாம். "மண்டைக்குள்ள கணீருன்னு கேட்டுது சாரே. வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. காதுதான் அடச்சிருக்கு, எலும்பு அடைக்கல. வெளிய தெரிஞ்சா சோத்துல மண்ணு. யார்ட்டயும் சொல்லீராதயும்."

சொல்லவில்லை. அது சரியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் தேர்ந்த மரம் பொந்து என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததாக உங்களில் யாராவது சொல்ல முடியுமா?

அதன்பின் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை ரயிலில் தென்காசி வந்துவிடுவார். காப்பி குடித்ததும் முன்னால் உட்கார்ந்து கிதாரின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொள்வார். நான் எனக்குத் தெரிந்த நாலு பாட்டைத் தப்பும் தவறுமாக வாசிப்பேன். "மூணாவது கம்பி தொங்குது" என்பார். சரியாக இருக்கும். ஒரு தடவை வெகுநேரம் வாயை எடுக்கவில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "செம்பகம் பேசுததக்கூட இப்படிக் கேக்க முடியலையே சாரே" என்றார். மறுபடி வாசித்தேன்.

பல் தடத்தை இழைத்து வார்னிஷ் அடித்துத் தருவதாக எதிர்வீட்டு ஆசாரி பல முறை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு குழிகள்தான்.

கார்டு வந்த அன்று சாயங்காலம் கிதாரை எடுத்து மனைவியிடம் கொடுத்து, "நான் கண்ணைக் காட்டும்போது கம்பியைத் தட்டு" என்றேன். அவள் இம்முறை எதுக்கு என்று கேட்கவில்லை. இரண்டு காதையும் விரலால் இறுக அடைத்துக்கொண்டு, அண்ணாச்சி கடித்த இடத்திலேயே பல்லை வைத்தேன். தெரு அடங்கிவிட்டது. அவள் தட்டினாள். மண்டை முழுக்கக் கணீரென்று வந்தது. இத்தனை வருஷம் நானே வாசித்த கிதாரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் தலையைத் தூக்கியதும் அவள் கிதாரை என் கையில் தந்தாள். சேலைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்தாள்.

"தள்ளி உக்காருங்க. இப்பம் நீங்க தட்டுங்க, நானும் பாக்கேன்" என்றாள்.