என்னை நீக்கும் தீர்மானமும் தலைவர் இன்னாசிமுத்துவும்

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடைக்குத்தான் எனக்குப் போன் வரும். வழக்கமாகக் கடைக்காரர் கீழே நின்றே கத்துவார். போன வாரம் அவர் படியேறி வந்து கதவைத் தட்டினார். அவசரமாக இறங்கிப் போனேன். போனில் நம் மன்றத்தின் இப்போதைய செயலாளர் கோவிந்தன். "அண்ணே, இன்னாசிமுத்து ஐயா போயிட்டாரு லா. காலைல பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றான்.

நம்மில் பலருக்கு அவர் தலைவர். எனக்கு அவர் பல வருடங்கள் ஒரு புதிர். இந்த மனிதர் என் பக்கமா, எதிர்ப்பக்கமா? இது தெரியாமல் நான் மண்டையைக் குடைந்துகொண்ட கதையைத்தான் எழுதப்போகிறேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் இருந்த நம் பழைய மன்றம் நினைவிருக்கும். கூட்டம் என்றாலே இருமல்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த இன்னாசிமுத்து, கூட்ட நடைமுறை பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். யாராவது "இதை அப்புறம் பார்ப்போம்" என்றால் விடமாட்டார். "அப்புறம்னா எப்போ? தேதி சொல்லுங்க" என்பார். தேதி சொன்னால்தான் ஒத்திவைப்பு. அந்தத் தேதி வந்ததும், புதிய விஷயம் எதையும் தொடுமுன் பழையதை வாசித்தாக வேண்டும். மின்விசிறி வாங்கும் தீர்மானம் இரண்டு வருடம் இப்படி வாசிக்கப்பட்டது. வியர்த்து ஒழுகிக்கொண்டே அதை மறுபடி ஒத்திவைத்தோம்!

இனி என் கதை. ஐம்பதுகளின் கடைசியில், தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். மன்றத்தில் அரசியல் கூடாது என்பது விதி. நான் துறைமுகத்தில் பிட்டர். ஊரில் எனக்கு யாரும் இல்லை. வீராசாமி சாலையில் ஏழு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், அதை விட்டால் மன்றம். நண்பன் ஒருவன் கேட்டான் என்று மன்றத்து ஒலிபெருக்கியைத் தூக்கித் தேர்தல் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் மன்றத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததை மறந்துபோனேன். அதிகாரிகள் தலைவரைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க விசாரித்தார்கள். மன்றத்தின் பதிவே போயிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் நாடகப் பொறுப்பாளர் வேலாயுதம் எழுந்தார். "மாணிக்கத்தை நீக்கணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன்!" ஒரே கூச்சல். அந்த நிமிடத்தில் ஓட்டெடுத்திருந்தால் நான் தெருவில்தான். பின்வரிசையில் யாரோ, "கோவம் ஆறட்டும், அப்புறம் பாக்கலாமே" என்று முனகினார். அந்தக் கூச்சலில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. தலைவர் காதில் விழுந்தது. மேசையைத் தட்டினார். "ஒத்திவைக்கச் சொல்றாரு. எந்தத் தேதிக்கு?"

அடுத்த மாதம் கூட்டத்துக்குப் போதிய ஆள் வரவில்லை. அதற்கடுத்து வேலாயுதம் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் என்னோடு கேரம் ஆடினார், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். ஆனால் தீர்மானத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. வறட்டுப் பிடிவாதம். ஆக ஒவ்வொரு கூட்டமும் "உறுப்பினர் ராஜமாணிக்கத்தை நீக்கும் தீர்மானம்" என்று தொடங்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். யாராவது ஒத்திவைக்கச் சொல்வார்கள். தலைவர் தேதி கேட்பார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அதை விட்டுடுங்களேன் ஐயா. யாருக்கும் ஞாபகமே இல்ல."

"தீர்மானம் கூட்டத்தோடது. விடுறதுக்கு நான் யாரு?" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினேன்.

பிறகுதான் பெரிய கூத்து. செயலாளர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தார்கள். "நீக்கச் சொல்லித் தீர்மானம் கிடக்குற ஆளு எப்படிச் செயலாளர் ஆவாரு?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். தலைவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "முடிவாகாத தீர்மானம் யாரோட உரிமையையும் தொடாது. நிக்கட்டும்." நான் ஜெயித்தேன். அதன் பலன் என்ன தெரியுமா? ஒத்திவைத்தவற்றை வாசிப்பது செயலாளர் வேலை. மாதாமாதம் என் நீக்கத்தை நானே எழுந்து நின்று வாசித்தேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்; அவர் சிரிக்கமாட்டார்.

ஒரு கூட்டத்தில் அதை மட்டும் விட்டுவிட்டு, அவசரமாக அடுத்ததற்குத் தாவினேன். யாரும் கவனிக்கவில்லை.

"செயலாளர் ஒண்ணை விட்டுட்டீங்க" என்றார் தலைவர், அமைதியாக.

கூசிப்போனேன். கோபமும் வந்தது. "அப்படின்னா இன்னிக்கே எடுத்துக்குங்க! ஓட்டுக்கு விடுங்க!" என்று கத்தினேன். "எடுக்கலாம். முதல்ல நீங்க பேசுங்க" என்றார். அத்தனை வருடங்களில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "தேர்தல் கூட்டம்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க" என்றேன். கைகளை எண்ணுவதும் செயலாளர் வேலை, நானே எண்ணினேன். நீக்க வேண்டும் என்று ஒரே ஒரு கை. வேலாயுதம்தான், வேறு யார்? கையை இறக்கியதும் நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து தலைவரும் நானும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். விடுவேனா? கேட்டுவிட்டேன். "அன்னிக்கு முதல் கூட்டத்துலயே ஓட்டெடுத்து, ரெண்டு பக்கமும் சமமா வந்திருந்தா, தலைவர் ஓட்டை எந்தப் பக்கம் போட்டிருப்பீங்க?"

"நீக்கணும்னுதான்" என்றார், யோசிக்காமல். "மன்றத்தையே மூடியிருப்பாங்க, மாணிக்கம். உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம்."

"அப்புறம் ஏன் ஐயா ஒத்திவைக்க விட்டீங்க?"

"ஒருத்தர் கேட்டாரு. என் காதுல விழுந்துச்சு. விழலேன்னு எப்படிச் சொல்றது?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த முனகலைக் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் விரும்பியதும் நடந்திருக்கும். இன்றைக்கு நான் தலைமை தாங்கும் கூட்டங்களில் எனக்குப் பிடிக்காதவர் யாராவது பின்வரிசையில் முனகினால், பேச்சை நிறுத்திவிட்டு என்ன சொன்னார் என்று கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். என்னை வெளியே அனுப்ப நினைத்தவரின் கையில்தான் அத்தனை வருடங்களும் என் இடம் பத்திரமாக இருந்தது.